நொதிக்கும் பானையின் வெப்பம்

நொதிக்கும் பானம் எதுவாயினும் அதன் வேகத்தையும் சுவையையும் தீர்மானிப்பதில் வெல்லத்துக்கு அடுத்த இடம் வெப்பநிலைக்கு உண்டு. வெல்லத்தை அற்ககோலாக மாற்றும் மதுவம் ஓர் ஒற்றைக்கல உயிர். தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. தான் மிதக்கும் நீர்மம் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அந்தச் சூட்டில்தான் அதன் நொதியங்களும் வேலை செய்யும். 10 பாகை செல்சியசுக்கும் 30 பாகைக்கும் இடையில், வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் நொதித்தலின் வேகம் இருமடங்கோ அதற்கு மேலோ ஆகிறது. அதனால்தான் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வீட்டில் பியர் ஆக்குவோர் குளிர்காலத்தில் தங்கள் வாளியைச் சூடாக வைத்திருக்கப் பெரும்பாடு படுகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. சித்திரை, வைகாசியில் நண்பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டும். மார்கழி, தை விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நொதித்தலுக்குச் சூடூட்டும் தேவை இந்த மண்ணில் ஒருநாளும் எழுந்ததில்லை. ஓடுகிற நொதித்தலை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதே இங்குள்ளவர்களின் தலைமுறைக் கவலை.

குடாநாட்டின் நொதித்த பானம் பனங்கள்ளு. வீட்டில் பியர் ஆக்கும் வழக்கம் இங்கு இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் ஆக்குவது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி இலங்கையில் குற்றமும் ஆகும். பியருக்கு வேண்டிய பார்லி இங்கு விளைவதுமில்லை. ஆனால் இரண்டு பானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நொதித்தலுக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு தெளிவாகப் புலப்படும். பியரில் பார்லியை முளைக்கவிட்டு, அதன் மாப்பொருளை வெல்லமாக்கி, கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பிறகு தேர்ந்தெடுத்த ஒரு மதுவத்தைச் சேர்க்கிறார்கள். கொதித்த நீர்மத்தில் வேறு உயிரிகள் எதுவும் மிஞ்சியிருக்காது. எந்த மதுவம், எத்தனை பாகையில், எத்தனை நாள் என்பதெல்லாம் ஆக்குபவரின் கையில் இருக்கின்றன. கள்ளில் வெல்லம் மரத்திலிருந்தே வருகிறது. கொதிக்கவைக்கும் கட்டம் இல்லை. மதுவமும் தானாகவே வந்து சேர்கிறது. பாளையிலிருந்து முதல் துளி முட்டியில் விழும்போதே நொதித்தலும் தொடங்கிவிடுகிறது.

தை, மாசி தொடங்கி ஆடி, ஆவணி வரையான மாதங்கள் பனை சீவும் காலம். சீவல் தொழிலாளி பாளையைக் கட்டி, தட்டி நசித்துப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவிவிடுவார். கசியும் சாறு முட்டியில் சேரும். காலையும் மாலையும் மரம் ஏறி, சேர்ந்ததை இறக்கி, பாளையைப் புதிதாகச் சீவிவிட்டு வருவது நாளாந்த வேலை. சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைபட்டுச் சாறு நின்றுவிடும். அப்போதுதான் வடிந்த சாற்றில் நூற்றுக்கு 10 முதல் 14 பங்கு வெல்லம் இருக்கும், அதில் பெரும்பகுதி சுக்குரோசு. அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையான, தெளிந்த, இனிய நீர் அது. நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு இதைவிட வசதியான உணவு கிடைப்பது கடினம். சுக்குரோசோடு அமினோ அமிலங்கள், உயிர்ச்சத்துகள், கனியுப்புகள் எல்லாம் அதில் கரைந்திருக்கின்றன. அதோடு 28 பாகைச் சூடும் சேர்ந்துவிட்டால் மதுவத்துக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

இந்த உயிரிகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு விடை பல. பாளையின் மேற்பரப்பு, சீவும் கத்தி, சாறு தேடி வரும் தேனீயும் ஈயும் எறும்பும் எல்லாம் அவற்றைக் கொண்டுவருகின்றன. ஆனால் பெரும்பங்கு முட்டியிலிருந்தே வருகிறது. முதல்நாள் கள்ளின் மண்டி முட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மண்டி கோடிக்கணக்கான மதுவக் கலங்களின் தொகுதி. பியர் ஆக்குபவர் பொதி ஒன்றை வெட்டிக் கொட்டும் மதுவத்தின் வேலையை இங்கு மண்டி செய்கிறது. கழுவாத முட்டியில் விழும் சாறு கழுவிய முட்டியில் விழுவதைவிட வெகு விரைவில் நுரைக்கத் தொடங்குவது இதனால்தான்.

கள்ளில் மதுவம் தனித்து வாழ்வதில்லை. தென்னங்கள்ளின் நொதித்தலைப் பற்றி ஜே. டி. அற்புதராஜா, எஸ். விதானபத்திரண, யூ. சமரஜீவா ஆகியோர் இலங்கையில் செய்து 1986இல் வெளியிட்ட ஆய்வு, அது மூன்று கட்டங்களாக நடப்பதைக் காட்டியது. முதலில் லற்றிக்கமில நொதித்தல், நடுவில் அற்ககோல் நொதித்தல், இறுதியில் அசற்றிக்கமில நொதித்தல். பனங்கள்ளின் நுண்ணுயிர்களையும் அவற்றின் செயற்பாட்டையும் பற்றிய ஆய்வொன்றைப் பேராசிரியர் கே. தெய்வேந்திரராஜாவும் சக ஆய்வாளரும் 1987இல் வெளியிட்டனர். முதற்கட்டத்தில் லற்றிக்கமில பற்றீரியாக்கள் சாற்றைச் சற்றே புளிக்கவைத்து, அமிலத்தைத் தாங்காத மற்ற பற்றீரியாக்களை ஒடுக்குகின்றன. மதுவத்துக்கு இலேசான புளிப்புப் பிடித்தமானது. அது சுக்குரோசை குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடைத்து, அவற்றை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. கள்ளின் நுரையும் சுரீரென்ற சுவையும் அந்த வாயுவின் வேலை. பியரிலும் பாணிலும் உள்ள சக்கரோமைசிசு செரவிசியே என்ற அதே இனந்தான் கள்ளிலும் முதன்மையானது. அதற்குத் துணையாகவும் போட்டியாகவும் சைமோமோனாசு என்ற பற்றீரியமும் எதனோல் ஆக்குகிறது. மெக்சிக்கோவின் புல்க்கே என்ற கற்றாழைக் கள்ளிலிருந்து 1920களில் பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் பற்றீரியம், வெப்பநாட்டுத் தாவரச் சாறுகள் பலவற்றில் காணப்படுகிறது. குளிர்நாட்டு அப்பிள் மதுவில் அது புகுந்தால் அந்தப் பீப்பாய் கெட்டுப்போனதாகக் கொள்வார்கள். கள்ளிலோ அது வீட்டுக்காரர்.

மூன்றாம் கட்டம்தான் கள்ளின் எதிரி. எதனோல் சேரச் சேர, அசற்றோபக்ரர் இனப் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு அதை அசற்றிக்கமிலமாக, அதாவது வினாகிரியாக மாற்றுகின்றன. இவையும் 25 முதல் 30 பாகை வரையான சூட்டை விரும்புபவையே. வெல்லம் முழுவதும் குறைவின்றி எதனோலானால், 12 சதவீத வெல்லமுள்ள சாறு கனவளவில் 8 சதவீத அற்ககோலைத் தர வேண்டும். நடைமுறையில் கள்ளு பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. எஞ்சியதில் ஒரு பங்கு அமிலமாகிறது, ஒரு பங்கு கலங்கள் பெருகுவதில் செலவாகிறது, ஒரு பங்கு மாறாத வெல்லமாகவே நிற்கிறது. குடாநாட்டின் வெப்பத்தில் இந்த மூன்று கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடுகின்றன. காலையில் இறக்கிய கள்ளு பின்னேரத்துக்குள் கடுமையாகிவிடும். மறுநாள் அதில் புளிப்பே மேலோங்கும். இரவில் வடிந்த கள்ளு பகலில் வடிந்ததைவிட இனிப்பாக இருப்பதும் இதே கணக்கில்தான். இரவு முட்டி 25 பாகையை ஒட்டி நின்றிருக்கும், பகல் முட்டி வெயிலில் 32 பாகையில் தொங்கியிருக்கும். அந்த ஏழு பாகை வேறுபாட்டை நாவே உணர்ந்துவிடுகிறது.

நொதித்தல் வெளியிலுள்ள சூட்டை மட்டும் பொறுத்ததன்று, அதுவே சூட்டை உண்டாக்கவும் செய்கிறது. வெல்லத்திலிருந்த வேதி ஆற்றலின் பெரும்பகுதி எதனோலில் தங்கிவிட, ஒரு சிறுபகுதியை மதுவம் தன் வாழ்வுக்கு எடுத்துக்கொள்கிறது. மிஞ்சியது வெப்பமாக வெளிப்படுகிறது. ஒரு கிலோகிராம் வெல்லம் நொதிக்கும்போது ஏறத்தாழ 600 கிலோயூல் வெப்பம் வெளிவரும். 12 சதவீத வெல்லமுள்ள சாறு ஒரு லீற்றரில் இது 70 கிலோயூல். அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் கள்ளின் வெப்பநிலை 15 பாகைக்கு மேல் உயர்ந்துவிடும். அதாவது 30 பாகையில் தொடங்கிய நொதித்தல் 45 பாகையை எட்டும், மதுவம் தான் உண்டாக்கிய சூட்டிலேயே மடியும். முட்டியில் அப்படி நடப்பதில்லை. காரணம் அதன் சிறுமை. இரண்டு லீற்றர் சாற்றின் வெல்லத்தில் பாதி 12 மணித்தியாலத்தில் நொதிப்பதாகக் கொண்டால், வெளிவரும் வெப்பம் இரண்டு வாற்றுக்கும் குறைவு. மரத்தின் உச்சியில் வீசும் காற்று அதைச் சுலபமாகக் கொண்டுபோய்விடும். மண்முட்டிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் நுண்துளைகளில் நீர் கசிந்து ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக 2.4 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஆகவே 30 கிராம் நீர் ஆவியானாலே அந்த 12 மணித்தியாலத்தின் நொதித்தல் வெப்பம் முழுவதும் ஈடாகிவிடும். கசிவில்லாத பிளாஸ்ரிக் கலனுக்கு இந்த வசதி கிடையாது. பாரம் குறைவு, உடையாது என்பதற்காகப் பிளாஸ்ரிக் கலனைத் தேர்பவர்கள் இந்த இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குடாநாட்டார் வெப்பத்தைக் குறைக்க முடியாத இடத்தில் வேறொரு கருவியைக் கையாண்டார்கள். அது சுண்ணாம்பு. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டால் விழும் சாறு கடுங்காரமாகிவிடும். மதுவமும் பற்றீரியாக்களும் அந்தக் காரத்தில் பெருக முடியாது. சுக்குரோசை உடைக்கும் நொதியமும் அடங்கிவிடும். 32 பாகை வெயிலில் நாள் முழுதும் தொங்கினாலும் சாறு இனிப்பாகவே இறங்கும். இதுவே கருப்பணி. சுக்குரோசு உடையாமல் இருப்பது பனங்கட்டிக்கு அவசியம். உடைந்து குளுக்கோசும் பிரற்றோசும் ஆகிவிட்டால் எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும். சுண்ணாம்பு போதாத முட்டியின் கருப்பணி நல்ல கட்டியைத் தராததன் காரணம் இது. தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளு இறக்கத் தடை இருப்பதால், அங்கே முட்டிச் சுண்ணாம்பு சட்டத்தின் தேவையாகவும் ஆகிவிட்டது. சுண்ணாம்பிட்ட பதநீரே அங்கு அனுமதிக்கப்பட்ட பானம். ஒரே மரம், ஒரே சாறு, ஒரே வெயில். முட்டியில் பூசிய ஒரு வெள்ளைப் பூச்சுத்தான் கள்ளையும் கருப்பணியையும் பிரிக்கிறது.

கள்ளாகவே விற்க வேண்டுமானால் சுண்ணாம்பு உதவாது. அங்கே எஞ்சியிருப்பது நேரத்தோடு ஓடுவது ஒன்றுதான். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் காலையிலேயே தொழிலாளர்களிடமிருந்து கள்ளைப் பெற்றுத் தவறணைகளுக்கு அனுப்புவது இந்த அவசரத்தில்தான். அன்று விற்காத கள்ளுக்கு மறுநாள் விலை இல்லை. மிஞ்சுவதைப் போத்தலில் அடைத்து, 60 பாகைக்கு மேல் சூடாக்கி மதுவத்தையும் பற்றீரியாக்களையும் கொன்று, மாதக்கணக்கில் வைத்திருக்கும்படி செய்யலாம். ஏற்றுமதியாகும் போத்தல் கள்ளு இப்படிப்பட்டதே. சூடாக்கும்போது புதுக்கள்ளின் மணத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. உயிருள்ள மதுவம் தொடர்ந்து விடும் வாயுவும் நின்றுவிடுகிறது. போத்தல் கள்ளைக் குடித்தவர்கள் அது கள்ளு மாதிரி இல்லை என்று சொல்வதில் நியாயம் உண்டு. இன்னொரு வழி வடிசாலை. பருத்தித்துறைக்கு அண்மையிலுள்ள திக்கம் வடிசாலை பனங்கள்ளை வடித்துச் சாராயமாக்குவதற்கென்றே அமைந்தது. வடிப்பதற்கு வெல்லம் முழுவதும் எதனோலாகிவிடுவது நல்லது. ஆனால் அசற்றிக்கமிலக் கட்டம் தொடங்குவதற்கு முன்னரே வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாராயத்தின் அளவும் குறையும், மணமும் கெடும்.

பெரிய தாங்கிகளில் முட்டியின் கணக்கு செல்லுபடியாகாது. கலனின் நீள அகல உயரங்கள் பத்து மடங்கானால் மேற்பரப்பு நூறு மடங்காகும், கொள்ளளவோ ஆயிரம் மடங்காகும். வெப்பம் உண்டாவது கொள்ளளவு முழுவதிலும், வெளியேறுவது மேற்பரப்பால் மட்டும். ஆகவே ஆயிரக்கணக்கான லீற்றர் நொதிக்கும் தாங்கிக்குக் குளிர்நீர்க் குழாய்கள் கட்டாயம். வெப்பநாட்டு வடிசாலைகள் 40 பாகையிலும் சோராத மதுவங்களைத் தேடுவதற்கும் இதுவே காரணம். சூடும் அற்ககோலும் சேர்ந்து மதுவத்தைத் தாக்கும் விதம் தனியே கவனிக்கத் தக்கது. கலத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு மென்சவ்வு சூட்டில் இளகுகிறது, அற்ககோல் அதை மேலும் இளக்குகிறது. சவ்வு ஒழுகத் தொடங்கியதும் கலம் தன் உட்சமநிலையை இழந்து நின்றுவிடும். 20 பாகையில் 12 சதவீத அற்ககோலைத் தாங்கும் மதுவம் 38 பாகையில் அதன் பாதியிலேயே தளர்ந்துவிடலாம். பல தலைமுறைகளாக வெயிலில் வாழ்ந்து தேறிய கள்ளு மதுவங்கள் இந்தத் தேடலில் மதிப்புள்ள செல்வம். அவற்றைப் பிரித்தெடுத்துப் பேணி வைப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவகத்துக்கும் உரிய வேலை.

இலங்கையில் பியர் தொடங்கிய இடத்தைப் பார்த்தால் வெப்பநிலையின் கட்டளை இன்னும் தெளிவாகும். 1881இல் நிறுவப்பட்ட பியர் ஆலை அமைந்தது நுவரெலியாவில். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை. இங்கிலாந்தில் பழக்கமான ஏல் வகைப் பியர் நொதிக்கும் 18, 20 பாகைக்கு அது மிகக் கிட்டியது. யந்திரக் குளிரூட்டல் பரவாத காலத்தில் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அப்படியொரு பியரை ஆக்கியிருக்க முடியாது. 1990களின் இறுதியில் உற்பத்தி தாழ்நிலத்திலுள்ள பியகமவுக்கு இறங்கியது. மலைக்குளிர் செய்த வேலையை இப்போது யந்திரம் செய்கிறது.

28 பாகையில் பியர் ஆக்கினால் என்ன கெடுதல்? மதுவத்துக்கு அந்தச் சூடு பிடிக்கும், வேலையும் விரைவில் முடியும். ஆனால் வேகமாகப் பெருகும் மதுவம் எதனோலோடு வேறு பல பொருள்களையும் மிகுதியாக வெளியிடுகிறது. வாழைப்பழ மணம் தரும் எசுத்தர்களும், தலைவலியோடு சேர்த்துப் பேசப்படும் உயர் அற்ககோல்களும் அவற்றுள் முக்கியமானவை. கள்ளில் இந்த மணங்கள் குற்றமாகத் தெரிவதில்லை. அவை இல்லாவிட்டால் அது கள்ளே இல்லை. மென்மையான பியரில் அவை துருத்திக்கொண்டு நிற்கும். 8 முதல் 13 பாகை வரையில் நொதிக்கும் லாகர் வகைப் பியர் இந்த மணங்கள் எழாத தெளிந்த சுவைக்குப் பெயர்பெற்றது. பவேரியாவில் 1553இல் வந்த அரசாணை சித்திரைப் பிற்பகுதியிலிருந்து புரட்டாதி வரை பியர் ஆக்குவதையே தடைசெய்தது. கோடை வெப்பத்தில் பியர் கெட்டுவந்ததை அனுபவத்தில் கண்டதன் விளைவு அது. குளிரில் மட்டும் ஆக்கிய அந்த வழக்கம் குளிரைத் தாங்கும் ஒரு கலப்பு மதுவத்தை அங்கே நிலைபெறச் செய்தது. அதன் பெற்றோர் இனங்களில் ஒன்று சக்கரோமைசிசு செரவிசியே. மற்றதற்கு ஒத்த காட்டு மதுவம் தென்னமெரிக்காவின் பட்டகோனியக் காட்டில் கண்டறியப்பட்டு 2011இல் அறிவிக்கப்பட்டது. கோபன்ஹேகன் கார்ல்ஸ்பேர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883இல் லாகர் மதுவத்தை ஒரே கலத்திலிருந்து தூய்மையாக வளர்த்தெடுத்தார். அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே கார்ல் லிண்டே மியூனிச் நகரின் ஆலையொன்றில் குளிரூட்டும் யந்திரத்தை நிறுவியிருந்தார். தூய மதுவமும் யந்திரக் குளிரும் சேர்ந்த பின்னரே லாகர் உலகமெங்கும் பரவியது. இன்று யாழ்ப்பாணத்தில் விற்கும் பியரும் அந்த வகையே.

வீட்டில் ஆக்குவோரின் சிக்கல் வேறு. பிரித்தானியாவில் வீட்டுப் பியருக்கான அனுமதி முறை 1963இல் நீக்கப்பட்டது, அமெரிக்காவில் கூட்டரசுத் தடை 1978இல் இயற்றிய சட்டத்தால் அகன்றது. அதன்பின் இலட்சக்கணக்கானோர் தங்கள் சமையலறையில் 20 லீற்றர் வாளிகளில் பியர் ஆக்கத் தொடங்கினார்கள். 20 லீற்றரில் 1.6 கிலோகிராம் வெல்லம் மூன்று நாளில் நொதித்தால், வெளிவரும் வெப்பம் சராசரியாக 4 வாற்றுக்கும் குறைவு, ஒரு சிறு இரவு விளக்கின் அளவு. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது இது வாளியை அறையின் வெப்பநிலையைவிட இரண்டு மூன்று பாகை உயர்த்தும். பிறகு சூடு தணிந்து அறையோடு சமமாகிவிடும். அறையே 13, 14 பாகையில் இருந்தால் ஏல் மதுவம் சோர்ந்து அடியில் படிந்துவிடும். வெல்லம் பாதியிலேயே நிற்கும். நொதித்தலின் நடுவில் உண்டாகும் வெண்ணெய் மணமுள்ள டைஅசற்றைலை மதுவமே பிற்பாடு திரும்ப உறிஞ்சிக்கொள்வது வழக்கம். உறங்கிவிட்ட மதுவம் அதைச் செய்யாது. இப்படி நின்றுபோன பியரை முடிந்துவிட்டதென்று எண்ணிப் போத்தலில் அடைத்தால் ஆபத்தும் உண்டு. கோடையில் மதுவம் விழித்துக்கொண்டு மிச்ச வெல்லத்தை நொதிக்கும், வாயு அழுத்தத்தில் போத்தல் வெடிக்கும்.

சூடாக வைத்திருக்கும் வழிகள் எளியவை. வாளியைக் கம்பளியால் சுற்றுவது முதல் வழி. ஆனால் கம்பளி சூட்டைத் தராது, வெளியேறுவதைத் தாமதிக்க மட்டுமே செய்யும். 4 வாற்று வெப்பத்தை வைத்துக்கொண்டு அது செய்யக்கூடியது சொற்பம். வாளியைச் சுற்றிக் கட்டும் 20, 30 வாற்று மின்பட்டி அதைவிட உறுதியானது. மீன்தொட்டிச் சூடாக்கியைத் தண்ணீர் நிறைந்த பெரிய தொட்டியில் போட்டு அதற்குள் வாளியை நிறுத்துவது எல்லாவற்றிலும் சீரானது. நீர் மெதுவாகவே சூடாகும், மெதுவாகவே ஆறும். ஆகவே இரவும் பகலும் ஒரே நிலை நீடிக்கும். பழைய ஆங்கில வீடுகளில் வெந்நீர்த் தாங்கி இருக்கும் அலுமாரி இந்த வேலைக்குப் பெயர்பெற்றது, சில வேளை அதன் சூடு 30 பாகையைத் தாண்டிவிடுவதுதான் அதன் குறை. எந்த வழியாயினும் வெப்பங்காட்டியின் உணரியை வாளியின் பக்கச்சுவரில் ஒட்டி மூட வேண்டும். அறைக்காற்றில் தொங்கவிட்டால் அது பியரின் சூட்டைச் சொல்லாது. முதல் மூன்று நாட்கள் மிக முக்கியமானவை. மணம் தரும் பொருள்களில் பெரும்பகுதி மதுவம் பெருகும் அந்த நாட்களில்தான் உண்டாகிறது. அப்போது நிலையாக 18, 20 பாகையில் வைத்துவிட்டு, வேகம் தணிந்தபின் இரண்டு பாகை கூட்டுவது நல்ல பழக்கம். அவசரத்தில் தொடக்கத்திலேயே சூட்டை ஏற்றுவதுதான் பலரும் செய்யும் பிழை.

குளிர்நாட்டிலேயே இதற்கு மாறான ஒரு மரபும் உண்டு. மேற்கு நோர்வேயின் பண்ணை வீடுகளில் கிவேய்க் என்ற மதுவத்தை மரவளையங்களில் உலர்த்தித் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். அதை 35 முதல் 40 பாகைச் சூட்டில் சேர்த்து, பாத்திரத்தைப் போர்த்தி மூடி வைப்பார்கள். இரண்டொரு நாளில் வேலை முடிந்துவிடும், கெட்ட மணமும் எழாது. கிவேய்க் மதுவங்கள் மரபணு அடிப்படையில் தனிக் குழுவாக இருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பனிநாட்டுப் பண்ணையில் பேணப்பட்ட மதுவம் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலையொத்த சூட்டில் தேர்ச்சி பெற்றிருப்பது வியப்பான செய்தி. ஒரு மதுவத்தின் இயல்பைத் தீர்மானிப்பது நாட்டின் தட்பவெப்பத்தைவிட, மனிதர் அதை எந்தச் சூட்டில் திரும்பத் திரும்பப் பயிற்றினார்கள் என்பதே. கள்ளு மதுவங்களிலும் இப்படியான தேர்வை அறிவோடு செய்ய இடமுண்டு.

நோர்வேயிலும் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் ஈழத்தமிழர் வீடுகளில் நொதித்தல் பெரும்பாலும் பியராக நடப்பதில்லை. அது அப்ப மாவிலும் தோசை மாவிலும் நடக்கிறது. ஊரில் பச்சரிசி மாவில் கள்ளு விட்டுக் குழைத்து வைத்தால் விடியுமுன் அப்பமா பொங்கிவிடும். கள்ளிலிருக்கும் மதுவம் இனிப்பை வாயுவாக்குவதே அதன் காரணம். கள்ளு கிடைக்காத இடத்தில் கடை மதுவம் அந்த வேலையைச் செய்கிறது. தோசை மாவில் வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வரும் லியூகோனொஸ்ரொக் முதலான லற்றிக்கமில பற்றீரியாக்களே புளிப்பையும் வாயுவையும் தருகின்றன. இட்லி மாவைப் பொங்கவைப்பதில் லியூகோனொஸ்ரொக்கின் பங்கை 1965இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவற்றுக்கும் 25 முதல் 30 பாகை வரை வேண்டும். ஊரில் அடுப்படியில் 12 மணித்தியாலத்தில் புளிக்கும் மா, ரொறன்ரோவின் 18 பாகைச் சமையலறையில் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், சில வேளை பொங்காமலே கிடக்கும்.

அதற்கும் பியர் வாளிக்குச் சொன்ன அதே வழிகள் பொருந்தும். மா அரைத்த பாத்திரத்தை அணைத்த ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் எரியவிட்டால், அந்த ஒரு விளக்கின் சூடு மூடிய பெட்டிக்குள் 25, 30 பாகையைத் தரப் போதும். ஓவனையே எரித்துச் சூடாக்குவது கூடாது. 50 பாகையைத் தாண்டினால் பற்றீரியாக்கள் சாகும், மாவின் ஓரம் வெந்துவிடும். அரைக்கும்போது குளிர்ந்த குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக இளஞ்சூட்டுத் தண்ணீர் விடுவது நொதித்தலை முதல் மணித்தியாலத்திலிருந்தே ஓடவைக்கும். பாத்திரத்தை இறுக்கி மூடாமல், பொங்குவதற்குப் பாதி இடம் விட வேண்டும். குளிர்காலத்தில் மா புளிக்கவில்லையென்றால் உளுந்தையோ உப்பையோ மாற்றிப் பார்ப்பதற்கு முன், சமையலறை வெப்பமானியை மாவுக்குள் வைத்து அளந்து பாருங்கள். 20 பாகைக்குக் கீழே காட்டினால் காரணம் கிட்டிவிட்டது. விளக்கைப் போட்டு ஓவனுக்குள் வைத்தால் காலையில் தோசை சுடலாம்.